சுவரும் சித்திரமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



சுவரில்லாமற் சித்திரம் எழுத முடியாது என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை இந்தப் பழமொழிக்குள்ளே அடக்கிவிடலாம். சுவர் என்பது சிறுவியாபாரியின் கணக்கு. சித்திரம் என்பது அக்கணக்கைக் கண்ணாற் கண்டு விளங்கிக்கொள்வதற்குக் கணினி வரைந்து தரும் படம். இணையத்தின் வழியே எழுதப்படும் கணக்கையும், தரவைப் படமாக்கிக் காட்டும் மென்பொருளையும் எவ்வாறு இணைப்பது, இணைப்பதனாற் பிரயோசனம் யாது, எவ்விடத்திற் கவனம் வேண்டும் என்பவற்றை இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயல்வோம்.

வாலிபர் சங்க மேடையிலே கடைக்கணக்கைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இச்சபையில் அமர்ந்திருப்போரிற் பலர் கடை முதலாளிகளின் பிள்ளைகள். வேறு பலர் கடைகளிற் சிப்பந்திகளாகவும் கணக்கெழுதுவோராகவும் வேலை பார்ப்பவர்கள். ஊரிலே ஒரு கடை பூட்டப்பட்டால் ஒரு குடும்பம் மட்டும் வருந்துவதில்லை. அதில் வேலை செய்தவரும், அங்கே கடனுக்குச் சாமான் வாங்கியவரும் சேர்ந்து வருந்துகின்றனர். விற்பனை இல்லாமையாற் பூட்டப்படும் கடைகள் உண்டு. நன்றாக விற்றும், பணம் எங்கே போகின்றது என்று அறியாமையாற் பூட்டப்படும் கடைகளும் உண்டு. இரண்டாவது வகையைத் தடுப்பதற்கு வழி இருக்கின்றது. அதனாலேயே இப்பேச்சு.

ஏடு இருந்த இடமும் இருக்கும் இடமும்

கணக்கெழுதுதல் நமக்குப் புதிய வித்தையன்று. கொழும்புச் செட்டியார் தெருவிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் பேரேடு வைத்துத் தொழில் நடத்தியதைப் பெரியோர் அறிவர். சித்திரைப் புதுவருஷத்திலே சுபநேரம் பார்த்துப் புதுக்கணக்குத் தொடங்குவதும் நம் வழக்கம். மேனாட்டிலே லூகா பச்சோலி என்னும் துறவி, வெனிஸ் நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டு அச்சிட்ட நூலொன்றில் விளக்கினார். முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகர் செய்து வந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டிடத்திற் பதியப்படவேண்டும், இரு பக்கமும் சமப்படவேண்டும் என்ற அந்த விதி ஐந்நூறு ஆண்டு கழிந்தும் மாறவில்லை. மாறியது ஏடு இருக்கும் இடமேயாகும்.

முன்னர் ஏடு காசுமேசை லாச்சிக்குள் இருந்தது. பின்னர் கடைக் கணினிக்குள் புகுந்தது. இப்போது, தூரதேசத்துக் கட்டிடமொன்றில் இரவும் பகலும் இயங்கும் பெருங் கணினிகளில் இருக்கின்றது. இதனையே மேகக் கணிமை என்கின்றனர். மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்கவேண்டியதில்லை. பிறருடைய கணினியை வாடகைக்குப் பெற்று இணையத்தின் வழியாக உபயோகிக்கின்றோம் என்பதே பொருள். நியூசிலாந்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய ஸீரோ, அமெரிக்காவின் இன்டியூட் நிறுவனத்தாருடைய குவிக்புக்ஸ் ஒன்லைன் என்பன இவ்வகையின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஸோகோ புக்ஸும் இவ்வகையினதே.

இதனால் வரும் முதல் நன்மை பாதுகாப்பு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் நம் நாட்டில் ஏற்பட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. நீரில் மூழ்கிய கடையிலே சரக்குப் போனது ஒரு நட்டம். கடன் கொப்பி நனைந்து எழுத்தழிந்தால், வரவேண்டிய பணமும் போவது மற்றொரு நட்டம். ஏடு வேறிடத்தில் இருந்தால் இரண்டாவது நட்டம் இல்லை. இரண்டாவது நன்மை, முதலாளி கடையிலும் கணக்காளர் தம் வீட்டிலும் இருந்தபடி ஒரே ஏட்டைப் பார்க்கலாம்.

படம் எதற்கு?

எண்களைப் படமாக்கும் கலையும் வியாபாரத்தோடு பிறந்ததேயாகும். ஸ்கொத்லாந்து தேசத்தவரான வில்லியம் பிளேபெயர் 1786ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளால் வரைந்து காட்டினார். வட்டத்தைக் கூறிட்டுப் பங்குகளைக் காட்டும் படமும் 1801ஆம் ஆண்டு அவர் நூலிலே வந்தது. பட்டியலிலே தேடிக் காணவேண்டியதைப் படத்திலே கண் தானாகவே கண்டுகொள்ளும் என்பதே அவர் கொள்கை.

ஒரு கற்பனைக் கடையை உதாரணமாகக் கொள்வோம். அக்கடை மாதம் 10 இலட்சம் ரூபாவுக்கு விற்கின்றது. விற்ற சரக்கின் கொள்விலை 8 இலட்சம். வாடகை, சம்பளம் முதலியன 1 இலட்சம். ஏட்டின்படி இலாபம் 1 இலட்சம். ஆனால், விற்றதிற் பாதி கடன். ஆகவே கைக்கு வந்த காசு 5 இலட்சமே. சரக்குக் கொடுத்தவர் உடன்காசு கேட்டால் அவருக்கு 8 இலட்சம், ஏனைய செலவுக்கு 1 இலட்சம், ஆக 9 இலட்சம் வேண்டும். இலாபம் ஈட்டிய மாதத்திலே கையில் 4 இலட்சம் குறைகின்றது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுவன்றோ? விற்பனையை ஒரு கோடாகவும் கைக்கு வந்த காசை மற்றொரு கோடாகவும் மாதந்தோறும் வரைந்து பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி வாய் பிளந்த முதலைபோல விரிந்து வருவதைக் கணக்குப் படியாத பாட்டியும் கண்டுகொள்வார்.

கணக்கு மென்பொருளே சில படங்களைத் தருகின்றதே, வேறொரு மென்பொருள் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கடை ஒன்று, கணக்கு ஒன்று, கேள்வியும் ஒன்றிரண்டு என்றால் உள்ளதே போதும். வீணாகப் பணம் செலவழிக்கவேண்டாம். ஆனால் இரண்டு கிளைகள் இருந்து, சரக்கிருப்பு ஓரிடத்திலும், விற்பனை யந்திரத்தின் பதிவு வேறோரிடத்திலும், காசோலைத் திகதிகள் ஒரு கொப்பியிலும் இருந்தால், அவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்க வேறு சாதனம் வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டு பொதுவாக வெளியிட்ட பவர் பிஐ, 2003இல் தொடங்கிய டேப்லோ, கூகிள் நிறுவனத்தார் 2016இல் டேட்டா ஸ்டூடியோ என்று வெளியிட்டு 2022இல் லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாற்றிய சாதனம் ஆகியவை இதற்கு உதவுவன.

இணைக்கும் வழி மூன்று

முதலாவது கைவழி. கணக்கு மென்பொருளில் இருந்து பட்டியலைக் கோப்பாக இறக்கி, படம் வரையும் மென்பொருளில் ஏற்றுவது. பவர் பிஐயின் மேசைக் கணினிப் பதிப்பைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆகையால் இவ்வழிக்குப் பணச்செலவு மிகக் குறைவு. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒருவர் இருந்து செய்யவேண்டும். அவர் இரண்டு வாரம் மறந்தால் படமும் இரண்டு வாரம் பழையதாகிவிடும்.

இரண்டாவது ஆயத்தப் பாலம். ஸோகோ புக்ஸை அதே நிறுவனத்தின் ஸோகோ அனலிட்டிக்ஸோடு இணைப்பது போன்றது. வேறு மென்பொருள்களுக்கு மூன்றாந் தரப்பாரும் பாலம் விற்கின்றனர். ஒருமுறை அமைத்தபின், குறித்த நேரத்திற் கணக்குத் தானாகவே படத்துக்கு வந்து சேரும். பவர் பிஐயின் புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை இவ்வாறு புதுப்பிக்கலாம். ஒரு சில்லறைக் கடைக்கு எட்டு முறை எதற்கு? இரவு கடை பூட்டியபின் ஒரு முறை போதும்.

மூன்றாவது நாமே கட்டும் பாலம். கணக்கு மென்பொருள்கள் ஏபிஐ என்ற வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. நிரலெழுதத் தெரிந்த இளைஞர் அவ்வாசல் வழியாகச் சிட்டைகள், பற்றுச்சீட்டுகள், செலவுகள் என்பவற்றை இரவுதோறும் எடுத்து ஒரு தரவுத்தளத்திற் சேர்த்து, அதிலிருந்து படம் வரையலாம். இங்கே கடவுச்சொல்லை நிரலுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஓஓத் என்ற முறையில், முதலாளி தம் கணக்குக்குள் நுழைந்து, இன்ன நிரல் இன்னவற்றைப் பார்க்கலாம் என்று அனுமதி வழங்குகிறார். வீட்டுச் சாவியைக் கொடாமல், வாசலில் அனுமதிச் சீட்டுக் கொடுப்பது போன்றது இது. வேண்டாதபோது இரத்துச் செய்யலாம். படத்துக்காகப் பெறும் அனுமதி, பார்க்கும் அனுமதியாக மட்டும் இருக்கவேண்டும். எழுதும் அனுமதி வேண்டியதேயில்லை.

சுவரிலே வெடிப்பிருந்தால்

பாலம் அமைப்பது சில நாள் வேலை. அதைவிடக் கடினமானது சுவரைச் செப்பனிடுதல். கணக்கிலுள்ள பிழையைப் படம் திருத்தாது. பிழைக்கு வர்ணம் பூசி, அதனை உண்மைபோல நம்பும்படி செய்துவிடும். ஆகலின் சிலவற்றைக் கவனிக்கவேண்டும்.

ஒன்று, பெயர். ஒரே வாடிக்கையாளர் ஓரிடத்தில் செல்வராசா, இன்னோரிடத்தில் செல்வராஜா, மற்றோரிடத்தில் செல்வா அண்ணர். நமக்கு ஒருவர், கணினிக்கு மூவர். அவருடைய கடன் மூன்று துண்டாகிச் சிறிதாகத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

இரண்டு, திகதி. 03/04 என்று எழுதினால் அது ஏப்ரில் 3 என்று நாம் கொள்வோம். அமெரிக்க முறையிலே அமைந்த மென்பொருள் அதை மார்ச் 4 என்று கொள்ளும். நம் வரியாண்டு ஏப்ரில் 1இல் தொடங்குவதால், இச்சிறு பிழையினால் ஒரு சிட்டை ஓராண்டிலிருந்து மற்றோராண்டுக்குத் தாவிவிடும்.

மூன்று, வரி. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த வியாபாரி, 2024ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 18 சதவீத வரியைச் சேர்த்து 118,000 ரூபா வாங்கினால், அதில் 18,000 அரசாங்கத்துக்கு உரியது. விற்பனைக் கோட்டில் 118,000 என்று வரைந்தால் நம்மை நாமே ஏமாற்றுகின்றோம்.

நான்கு, காசோலை. பின்திகதியிட்ட காசோலை காசாகாது. அது வங்கியில் மாறிய நாளிலேயே காசுக் கோட்டில் ஏறவேண்டும்.

ஐந்து, இரட்டிப்பு. நிரலெழுதும் இளைஞர் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும். 10,000 ரூபாச் சிட்டையொன்றில் மூன்று சாமான்கள் இருக்கின்றன என்போம். சிட்டைப் பட்டியலையும் சாமான் பட்டியலையும் கவனமின்றி இணைத்தால் அந்த 10,000 மூன்று வரியிலும் வந்து 30,000 ஆகிவிடும். விற்பனை மும்மடங்கானது என்று மகிழ்வோரும் இருப்பர்!

இவற்றுக்கெல்லாம் ஒரே பரிகாரம் உண்டு. மாதம் ஒருமுறை படத்திலுள்ள மொத்தத்தை இலாபநட்டக் கணக்கிலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபா வேறுபட்டாலும் காரணத்தைக் கண்டபின்னரே படத்தை நம்புங்கள்.

எந்தப் படம்?

படங்கள் இருபது வேண்டாம்; மூன்று போதும். முதலாவது, வாரந்தோறும் வந்த காசும் போன காசும். இரண்டாவது, பிறர் நமக்குத் தரவேண்டிய கடன், எத்தனை நாட் பழையது என்பது. மூன்றாவது, எந்தச் சாமானில் எவ்வளவு இலாபம் என்பது.

மூன்றாவது படத்தின் அருமையை 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானை 1,200க்கு விற்றால் ஏட்டிலே 200 ரூபா இலாபம். ஆனால், அதே சாமானை மறுபடி வாங்க 1,350 வேண்டுமென்றால்? விற்ற பணம் முழுவதையும் கொடுத்தும் 150 குறைகின்றது. இலாபம் காட்டிக்கொண்டே கடையின் இறாக்கைகள் வெறுமையாகும் விதம் இதுவே. விற்ற விலை, பழைய கொள்விலை, இன்றைய கொள்விலை ஆகிய மூன்றையும் ஒரே படத்திற் பார்க்கும் வியாபாரி இதை மாதக் கடைசி வரை காத்திராமல் அந்த வாரத்திலேயே அறிவார்.

படமும் பொய் சொல்லும். நிரைப்படத்தின் அடி பூச்சியத்தில் தொடங்காவிட்டால் சிறு ஏற்றம் மலைபோலத் தோன்றும். பாதி முடிந்த மாதத்தை முழு மாதத்தோடு ஒப்பிட்டால் விற்பனை விழுந்ததுபோலத் தோன்றும். வட்டத்தைப் பதினைந்து துண்டாக்கினால் எது பெரிது என்று எவருக்கும் விளங்காது.

யார் கையிலே சாவி?

கணக்கின் உரிமை முதலாளியின் சொந்த மின்னஞ்சலிலே இருக்கவேண்டும். கணக்காளர் பெயரிலோ, அமைத்துக் கொடுத்த இளைஞரின் பெயரிலோ இருந்தால், அவர் விலகும் நாளிலே கடையும் தவிக்கும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பிஐயிலே, இணையத்திற் பொதுவாக வெளியிடும் வசதி ஒன்று உண்டு. இலகுவானதென்று அதைத் தெரிவு செய்தால், அந்த முகவரி கிடைத்த எவரும் நம் கணக்கைப் பார்க்கலாம். கடன்பட்டோரின் பெயர் ஊரார் கண்ணிற் படுவது அவர்களுக்குப் பெரும் அவமானம். தனிப்பட்ட தரவைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. சட்டத்துக்கு முன்னரே, வாடிக்கையாளரின் மானத்தைக் காப்பது நம் வியாபாரிகளின் தருமமாக இருந்து வந்தது.

சந்தாவை டொலரிலே கட்டும் மென்பொருளானால், ரூபா விழும்போது செலவு ஏறும் என்பதையும் முன்கூட்டியே எண்ணுங்கள். மாதந்தோறும் கணக்கின் பிரதியொன்றை இறக்கி நம் கையிலும் வைத்துக்கொள்ளுதல் நன்று. மின்வெட்டு வந்தால் துண்டிலே எழுதிவைத்துப் பின்னர் பதியும் பழக்கமும் இருக்கட்டும்.

இணையவேண்டிய இருவர்

இறுதியாக ஒன்று சொல்லவேண்டும். இரண்டு மென்பொருள்களை இணைப்பது பற்றி இதுவரை பேசினோம். அதற்கு முன் இணையவேண்டியவர் இருவர் இருக்கின்றனர்: கொப்பியிலும் மனத்திலும் கணக்கு வைத்திருக்கும் பெரியவரும், கைத்தொலைபேசியிலும் கணினியிலும் கை பழகிய இளைஞரும்.

படம் வரைந்த இளைஞர், 90 நாள் கடந்த கடன்களைச் சிவப்பிலே காட்டுகிறார். "ஐயா, இவர்களுக்கு இனிக் கடன் கொடுக்கக் கூடாது" என்கிறார். முதலாளி சிரிக்கிறார். அப்பெயர்களிற் பலர் நெல் விளைவிப்போர். காலபோக விதைப்புக் காலத்தில் வாங்கிய கடனை அவர்கள் அறுவடை முடிந்தே தருவர். ஆண்டாண்டாக அவ்வாறே தந்து வந்தவர்கள். அவர்களுக்கு 90 நாள் தவணை கடந்ததாகாது. அதே நேரத்தில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் 40 நாள் கொடாதிருப்பதைப் படம் பச்சையிலே காட்டிக்கொண்டிருக்கும். உண்மையிற் கவனிக்க வேண்டியவர் அவரே. இந்த அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை, பெரியவரிடம் இருக்கின்றது. அதைக் கேட்டு, உழவருக்கு ஒரு தவணை, சம்பளக்காரருக்கு வேறொரு தவணை என்று படத்தைத் திருத்தும் ஆற்றல் இளைஞரிடம் இருக்கின்றது.

மறுபுறம், பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். எல்லாக் கடனும் மனத்திலே இருக்கின்றது என்று சொல்லும் முதலாளி ஒருநாள் நோயிற் படுத்தால், அக்கடை அன்றே குருடாகிவிடும். பிள்ளை கடையை ஏற்கவில்லை என்று குறைப்படுவோர், கடையின் கணக்கை அப்பிள்ளைக்கு என்றாவது திறந்து காட்டியதுண்டா? அறியாத ஒன்றின்மேல் யாருக்குத்தான் பற்று வரும்? தாம் ஐம்பது வருஷம் காத்த தொழிலின் உருவத்தை ஒரு படத்திலே மகனோ மகளோ காணும்போது, அது வெறுங் கடையன்று, ஓர் உழைப்பின் வரலாறு என்று அவர்களுக்கு விளங்கும்.

ஆதலின், சங்கத்து இளைஞர்கள் ஆளுக்கொரு கடையைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம். முதல் வாரம் கணினியைத் திறக்கவேண்டாம். முதலாளியின் பக்கத்திலே இருந்து, அவர் எதை அறிய விரும்புகிறார் என்று கேளுங்கள். அடுத்த வாரங்களில் பெயர், திகதி, கடன் என்பவற்றை ஒழுங்குபடுத்துங்கள். அதன் பின்னரே ஒரு படம், ஒரேயொரு படம், கைவழியாக வரைந்து காட்டுங்கள். அவர் அதைப் பார்த்து மறுகேள்வி ஒன்று கேட்டால் உங்கள் வேலை பலித்தது என்று கொள்ளலாம். பாலம் கட்டுவதை அப்போது யோசிக்கலாம்.

வருகின்ற சித்திரையிலே புதுக்கணக்குத் தொடங்கும்போது, நம் ஊர்க் கடைகளிற் சிலவாவது உறுதியான சுவரோடு தொடங்குமாயின், அச்சுவரிலே நல்ல சித்திரங்கள் எழுவது திண்ணம்.